மே மாதத்தில் வன்னிக்கு ஆள் அனுப்பும் செய்தி ஆசிரியர்களுக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

2009 இல் போர் முடிந்த நாளான மே 18 நெருங்கினால், கடைசிச் சண்டை நடந்த முள்ளிவாய்க்காலுக்கு உங்கள் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு இங்கே வழிகாட்டி, மொழிபெயர்த்து, பிறகு வெளிவந்ததையும் வாசித்துப் பார்ப்பவர்கள் நாங்கள். பிள்ளைகளை இழந்த, இன்னும் தேடுகிற தாய்மாரின் அழுகையைப் பிழையில்லாமல் பதிகிறீர்கள். பிழை விடுவது திகதியில்.

"எப்போது நடந்தது?" என்று நேரே கேட்காதீர்கள். ஷெல்லுக்குள் ஓடின சனம் கலண்டர் பார்க்கவில்லை. "தையில" என்பார்கள். ஜனவரியையும் அப்படித்தான் சொல்வோம், பொங்கலோடு பிறக்கும் தையையும் அப்படித்தான் சொல்வோம். மொழிபெயர்ப்பவர் ஏதோ ஒன்றை எழுத, இரண்டு கிழமை பிசகிவிடும். அந்தப் பிசகைப் பிடித்துக்கொண்டே முழுக் கதையும் பொய் என்று சொல்ல ஆள் இருக்கிறது.

இடத்தைக் கேளுங்கள். பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல்: கிளிநொச்சிப் பக்கத்துச் சனம் பெரும்பாலும் இந்த வழியால்தான் வந்தது. எங்கே பங்கர் வெட்டினீர்கள், அங்கே எத்தனை இரவு, தறப்பாளைக் கழற்றிக்கொண்டு அடுத்து எங்கே என்று ஒவ்வொன்றாகப் போங்கள். பிறகு தெரிந்த நாட்களோடு பொருத்துங்கள். கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் விழுந்தது 2009 ஜனவரி 2. மாத்தளனில் புலிகளின் மண் அணை உடைந்து பெருந்தொகையான சனம் வெளியேறத் தொடங்கியது ஏப்ரல் 20. கடைசிச் சனம் வட்டுவாகல் பாலம் கடந்தது மே 17, 18 அளவில். "மாத்தளன் உடைய முதலா, பிறகா?" என்ற ஒரு கேள்வி அரைமணி நேரப் பேட்டிக்குச் சமன். மகன் ஷெல்லில் செத்தவனா, வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவனா, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பிரித்தெடுக்கப்பட்டவனா என்பதும் இப்படிப் போனால்தான் தெளியும். மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்கள்.

எண்களையும் கலக்காதீர்கள். 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு முன்வைத்த 146,679 வேறு. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்த 429,059 பேரில், அரச கட்டுப்பாட்டுக்குள் வந்த 282,380 பேரைக் கழித்தால் வருவது அது. கணக்கில் வராதோர் தொகை. எல்லோரும் இறந்தார்கள் என்று ஆயர் சொல்லவில்லை.

ஒவ்வொரு தாயிடமும் ஒரு பொலித்தீன் பை இருக்கும்: பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைக் கடிதம், மனித உரிமைகள் ஆணைக்குழு இலக்கம். ஆங்கிலத்தில் பெயர் ஒன்றில் ஒருமாதிரி, மற்றதில் வேறுமாதிரி இருக்கும். பிறந்த திகதியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வைத்து ஒப்பிடுங்கள்; இலக்கத்தைப் பிரசுரிக்காதீர்கள். பிள்ளையின் லமினேட் பண்ணின படத்தை வெயிலில் எடுத்தால் முகம் வெளிச்சத்தில் அழிந்துவிடும். மர நிழலில் சற்றுச் சரித்துப் பிடித்து எடுங்கள். ஸ்கான் பண்ணவென்று வாங்கிக்கொண்டு போகாதீர்கள், பல வீடுகளில் இருப்பது அந்த ஒரு பிரதிதான்.

வீட்டு வாசலில் வாகனத்தை நிறுத்தவேண்டாம். உங்கள் வாகனம் போனபின் "ஆர் வந்தது, என்ன கேட்டது?" என்று விசாரிக்க வருகிறவர்களுக்கு அந்தத் தாய்தான் பதில் சொல்லவேண்டும். படலையும் கிணறும் தெரிந்தாலே ஊருக்குள் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். படத்தில் இருப்பிடக் குறிப்பையும் அழித்துவிடுங்கள். கிராம அலுவலர் பக்கத்தில் நிற்கும்போது வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. புறப்பட முதல் தனியாக இன்னொருமுறை கேளுங்கள். பெண் மொழிபெயர்ப்பாளர் என்றால் பாதித் தயக்கம் குறையும்.

செய்தி வந்ததும் இணைப்பை அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். தமிழில், திகதியோடு, கடதாசியில் அச்சடித்து அனுப்புங்கள். அதையும் அந்தப் பையில்தான் வைப்பார்கள். அடுத்த விசாரணை ஆணைக்குழு கேட்கும்போது எடுத்துக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து மொழிபெயர்ப்பாளர்களும் வழிகாட்டிகளும்