ஹைபிரிட் காருக்கும் சலுகை வேண்டும்

ஐயா,

கோவையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்தே இருக்கும் நண்பரின் ஹைபிரிட் காரை அவிநாசி சாலை நெரிசலில் ஓட்டிப் பார்த்தேன். சிக்னலில் என்ஜின் தானாக அணைந்து, பேட்டரியிலேயே சத்தமில்லாமல் நகர்கிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலும் மின்சாரமாகிப் பேட்டரிக்கே போகிறது. சார்ஜ் போடும் வேலையே இல்லை. ஆசை வந்துவிட்டது. அப்புறம் விலையைக் கேட்டேன். அதே மாடல் பெட்ரோல் வண்டியைவிடச் சில லட்சம் அதிகம்! 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாற்றிய பிறகும் மின்சாரக் காருக்கு 5 சதவீதம்; நான்கு மீட்டருக்கு மேல் நீளமான ஹைபிரிட்டுக்கு 40. உத்தரப் பிரதேசம் 2024-லேயே ஹைபிரிட் கார்களுக்குப் பதிவுச் சலுகை தந்தது. தமிழக அரசும் சாலை வரியையாவது குறைக்கலாமே. டீசல் வண்டியைத் தள்ளிவிட்டு இதை வாங்க எங்கள் ஸ்டாண்டிலேயே ஆள் இருக்கிறது.

- ஒரு வாடகைக் கார் ஓட்டுநர், கோவை