பாத்திரத்தை வெறுமனே கொடுக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு மூன்று வாரம் கழித்துச் சொன்னாயே, அன்றைக்கு எதிர்வீட்டு துருக்கி அக்காவைப் பற்றியும் சொன்னாய். தினமும் ஒரு பாத்திரத்தில் பருப்பு சூப் கொண்டுவருவார், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார் என்று. பெர்லினில் என் பிள்ளைக்கு நெற்றி தொட்டுப் பார்க்க ஒருவர் இருந்திருக்கிறார். அவர்கள் ஊர் எப்படி, வீடு எப்படி என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் துருக்கி நாடகம் பார்க்க உட்கார்ந்தேன். திரையில் கீழே மொழிபெயர்ப்பு எழுத்து ஓடுகிற வேகத்துக்கு எனக்குப் படிக்க வராது. நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

நாடகத்தின் பெயர் 'கதின்'. பெண் என்று அர்த்தமாம். 2017லிருந்து 2020 வரை அங்கே டிவியில் வந்தது. மூலக்கதை ஜப்பானிய நாடகம் ஒன்று. இஸ்தான்புல்லில் பஹார் என்று ஒரு பெண். புருஷன் கப்பலிலிருந்து கடலில் விழுந்து செத்துவிட்டான் என்று நம்பிக்கொண்டு, கிடைத்த வேலையெல்லாம் செய்து நிசான், தோருக் என்ற இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். இல்லாமை அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று அவள் படுகிற பாட்டைப் பார்க்கவே நான் உட்கார்ந்திருந்தேன். புருஷன் என்ன ஆனான் என்ற பாதிக் கதையை எனக்கு ஓட்டிவிடத் தோன்றியது.

அப்புறம் அவளுக்கு நோய் வருகிறது. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது குறைந்துபோகிற நோய். மஜ்ஜை தர வேண்டியவள், பஹாரின் அம்மா ஹாதிஜே இன்னொருவருக்குப் பெற்ற மகள். பஹாரைச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டுப் போனவள் இந்த ஹாதிஜே. அவளை எல்லோரும் திட்டுவார்கள். எனக்கு மட்டும் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை, பாப்பா.

நான் உன்னை விட்டுப் போனதில்லை. ஆனால் அப்பா போன பிறகு, ஒரு நாள் லீவு போட்டாலும் சம்பளம் பிடிப்பார்கள் என்று, காய்ச்சலோடு நின்ற உன்னிடம் "ஒண்ணுமில்ல, கிளம்பு" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நீ ஆறாவது படிக்கும்போது ஒருநாள், நெற்றி சுடுவது எனக்குத் தெரியக்கூடாது என்று ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாய். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மறைக்கப் பழக்கியது நான்தான். இப்போது கோபப்பட எனக்கு உரிமையில்லை. ஆனாலும் இனி மறைக்காதே.

அந்த நாடகத்தில் எனக்குப் பிடித்தவர் ஹாதிஜேயின் புருஷன் என்வர். தையல்காரர். பெறாத மகளான பஹாரிடமும் அவள் பிள்ளைகளிடமும் அவர் காட்டுகிற பாசத்தைப் பார்த்தால் கண் நிறைந்துவிடும். உன் எதிர்வீட்டு அக்காவும் அந்த ரகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே பிள்ளைகள் அம்மாவை 'அன்னே' என்று கூப்பிடுகிறார்கள். முதல் தடவை கேட்டபோது நம்ம 'அன்னை' மாதிரியே காதில் விழுந்து உடம்பு சிலிர்த்தது. உடம்பு முடியாதவரிடம் 'கெச்மிஷ் ஓல்சுன்' என்கிறார்கள், இது கடந்து போகட்டும் என்று. சமைத்துக் கொடுத்தவரிடம் 'எலினே சாலக்'. உன் கைக்கு ஆரோக்கியம் என்று பொருள். இதை அந்த அக்காவிடம் நீ சொல்லவேண்டும், எனக்காகவும் சேர்த்து.

பார்சலில் முறுக்கும் ரவா லட்டும் வைத்திருக்கிறேன். சூப் பாத்திரம் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது என்றாய். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்காதே. லட்டை அதில் அடுக்கிக் கொடு. துருக்கிக்காரர்களும் வெறும் பாத்திரம் திருப்ப மாட்டார்களாம், அந்த அக்காவுக்கே தெரியும்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. எண்ணெல்லாம் தெளிவாகத் தெரியட்டும்.

அம்மா