ஸ்டிக்கர் எங்கே ஒட்டுவது

திருப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. கம்பெனியில் ஷிப்மெண்ட் நேரம், வீடு வந்து சேரவே பதினோரு மணி ஆகிறது, அதனால்தான் தாமதம். மஞ்சள் வெட்ட ஆள் கிடைக்காமல் நீ கோபிக்கும் அந்தியூருக்கும் அலைவதைப் படித்துக் கஷ்டமாக இருந்தது. அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? அதை நீ எழுதவே இல்லை.

சரி, நீ கேட்ட விஷயம். ஒரே ஆள் செய்த ஆர்பிஜி, அதாவது நாமே ஒரு பாத்திரமாகிக் கதைக்குள் போகிற கேம், ஆறு மணி நேரம் விளையாடிய பிறகு சேவ் அழிந்து அதுவரை விளையாடியதெல்லாம் போனது, கட்டைவிரலைக் கீழே காட்டி ரிவ்யூ போடலாமா, பாவம் என்று விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். மூன்று நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுது என்பதுதான் என் பதில். ஆனால் எதைக் குறை என்று எழுதுகிறாய் என்பதில் கவனம் வேண்டும்.

நான் பதினேழு வருஷமாகத் தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் டேபிளில் நிற்கிறவன். 140 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 140 கிராம் எடையுள்ள துணியில் தைத்த டி-சர்ட்டைக் கையில் எடுத்து, 220 ஜிஎஸ்எம் மாதிரி கனமாக இல்லையே என்று ரிஜெக்ட் போட முடியாது. பையர் கேட்டது 140, கொடுக்கிற விலையும் அதற்குத்தான். ஆனால் தோளில் தையல் விட்டிருந்தால் அது எந்த விலைத் துணியிலும் குறைதான். நூறு ரூபாய் பனியன் வாங்குகிறவருக்கும் தோள் பிரியக் கூடாது. அப்புறம், குறை கண்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். ஸ்டிக்கர் ஒட்டாமல் பீஸ் சரியில்லை என்று தூக்கிப் போட்டால், தைத்த அம்மாவுக்கு எதைப் பிரித்துத் தைப்பது என்று எப்படித் தெரியும்? சின்ன கேம்களுக்கு எழுதுகிற ரிவ்யூக்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மேஜைதான் ஞாபகம் வருகிறது. முக்கால்வாசிப் பேர் ஸ்டிக்கரே ஒட்டுவதில்லை.

உங்கள் அண்ணனின் பழைய கம்ப்யூட்டரில் ஒட்டுக்கா உட்கார்ந்து விளையாடிய ஜீன்ஃபோர்ஜ் கேம் ஞாபகம் இருக்கிறதா? 2001இல் வந்தது. சியாட்டிலில் ஜெஃப் வோகல் 1994 முதல் நடத்திவரும் ஸ்பைடர்வெப் சாஃப்ட்வேர் என்ற மிகச் சின்னக் கம்பெனி செய்தது. பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரே மாதிரித் தரை, ஒரே மாதிரிச் சுவர், விரல் நுனி அளவுக்கு மனிதர்கள். ஆனால் அந்தக் கதை! உயிர்களைப் படைக்கிற மந்திரவாதிகள் ஒரு தீவைத் தடைசெய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் படைத்த வேலைக்கார உயிர்கள் அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஒரு கூட்டம் எஜமானர்கள் திரும்பி வருவார்கள் என்று கும்பிட்டுக்கொண்டு இருக்கிறது. ஒரு கூட்டம் நாங்களும் நீங்களும் சமம் என்கிறது. இன்னொன்று எஜமானர்களை வெறுக்கிறது. யார் பக்கம் சேர்வது என்று நாம் இரண்டு பேரும் விடிய விடியச் சண்டை போட்டோம். பள்ளிக்கூடத்தில் யாரும் நம்மிடம் கேட்காத கேள்வியை அந்த அழகில்லாத கேம் கேட்டது.

தன் கேம்கள் பார்க்க நன்றாக இருக்காது என்று வோகலே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். ஓவியர்களுக்குக் கொடுக்க அவரிடம் அவ்வளவு பணம் இல்லை, அதனால் பழைய படங்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார். அது 140 ஜிஎஸ்எம். நூற்றுக்கணக்கான பேர் வருஷக்கணக்கில் உழைத்த ஒரு கேமைப் பக்கத்தில் வைத்து அதை மட்டம் தட்டுவது நியாயமே இல்லை.

ஆனால் பணம் இல்லை என்பது எல்லாவற்றுக்கும் பதில் ஆகிவிடாது மாப்பிள்ளை. சின்ன கேம் என்றாலே எல்லாவற்றையும் மன்னிக்கச் சொல்கிறார்களே, அவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அந்த கேமின் விலை 400 ரூபாய் என்று எழுதியிருக்கிறாய். பெரிய கேம் ஒன்று அதைப்போல் எட்டு, பத்து மடங்கு விலை. ஆனால் அது கேட்கிற நாற்பது மணி நேரமும், இது கேட்கிற நாற்பது மணி நேரமும் ஒன்றுதான். பாப்பா தூங்கின பிறகு எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அப்படியென்றால் நாற்பது ராத்திரி. அதில் தள்ளுபடி கிடையாது.

குகைக்குள் நாலு அடி வைத்தால் ஒரு சண்டை, திரும்பினால் அதே வௌவால்களோடு இன்னொரு சண்டை, லெவல் ஏறாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. இந்த இழுவை பணம் இல்லாததால் வருவது இல்லை. குறைக்கப் பணமே வேண்டாம். கான் காவ் 2011இல் வெளியிட்ட டு த மூன் என்ற கேம், ஆர்பிஜி மேக்கர் என்ற கேம் செய்கிற மென்பொருளில் செய்தது. அந்த மென்பொருளில் சண்டை அமைப்பு தயாராகக் கூடவே வருகிறது, அதனால்தான் பலரும் யோசிக்காமல் அதை நுழைத்துவிடுகிறார்கள். அவர் அதை ஏறக்குறைய முழுசாக விட்டுவிட்டார். சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு கிழவரின் நினைவுகளுக்குள் இரண்டு டாக்டர்கள் போகிற கதைக்கு வௌவால் எதற்கு? நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் முடித்துவிட்டு வெளித் திண்ணையில் போய் உட்கார்ந்தேன்.

சண்டை வேண்டும் என்றாலும் அதையும் யோசித்து வைக்கலாம். டோபி ஃபாக்ஸ் பொதுமக்களிடம் சுமார் 51,000 டாலர் திரட்டி 2015இல் வெளியிட்ட அண்டர்டேலில் ஒருவரைக்கூடக் கொல்லாமல் கடைசிவரை போகலாம். ஒவ்வொரு சண்டையும் எதிராளி யார் என்று தெரிந்துகொள்கிற பேச்சாகிவிடுகிறது. அந்தச் சண்டைகளில் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் கறுப்புத் திரையில் வெள்ளைக் கோட்டுப் படங்கள்தான்.

இன்னொன்று, கடினமாக இருப்பதைக் குறை என்று எழுதிவிடாதே. ஏஜ் ஆஃப் டெகடென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் 2015தான், சின்னக் குழு, பத்து வருஷத்துக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். சண்டையில் அடித்துத் துவைத்துவிடுவார்கள். ஆனால் பேச்சுத் திறமையை மட்டும் வளர்த்துக்கொண்டு வாளே எடுக்காமல் முடிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே அப்படிச் செய்தது அது. எனக்குப் பிடிக்கவில்லை என்று தாராளமாக எழுதலாம், கெட்டது என்று எழுதக் கூடாது.

நானும் தப்புச் செய்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கேமைச் செய்த பையன் நம் பக்கத்து ஆள் என்று தெரிந்து, முடிக்காமலேயே ஆஹா ஓஹோ என்று எழுதினேன். அயர்னிங் செக்‌ஷனில் இருக்கும் தம்பி அதை நம்பி வாங்கினான். இரண்டாம் பாதியில் வசனமெல்லாம் ஒரே எழுத்துப் பிழை, ஒரு கதவு திறக்கவே இல்லை. தம்பி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறுத்தியது. வாங்குகிறவனுக்கும் நியாயம் செய்யவில்லை. அந்தப் பையனுக்கும் யாரும் கதவைச் சொல்லவில்லை.

கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்குப் பத்து ரிவ்யூ சேரும்வரை மதிப்பீடே காட்டாது. அந்தப் பத்தில் நாலு பேர் கட்டைவிரலைக் கீழே காட்டினால் 60 சதவீதம், கலவையான கருத்து என்ற பட்டம் வந்துவிடும். பெரிய கேமில் உன் ஒரு ரிவ்யூ கடலில் கரைந்துபோகும். இங்கே அது பத்தில் ஒன்று. அதனால் இரக்கப்படு என்று சொல்லவில்லை, முழுசாக எழுது என்கிறேன்.

சேவ் அழிவது தோள் தையல் விடுகிற மாதிரி, அதை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் முதலில் அந்த ஆளுக்கு ஒரு மெயில் போடு. எந்த ஊருக்குள் நுழைந்தபோது, எத்தனையாவது மணி நேரத்தில், எந்தப் பதிப்பில் நடந்தது என்று எழுது. ஒரு வாரம் பொறு. சரிசெய்தால் அதையும் ரிவ்யூவில் சேர். சரிசெய்யாவிட்டால் கட்டைவிரலைக் கீழே காட்டு, ஆனால் ஆறு மணி நேரம்தான் விளையாடினேன் என்பதையும், அந்தச் சலவைக்காரி கதை உனக்கு எவ்வளவு பிடித்தது என்று எனக்கு ஒரு பக்கம் எழுதினாயே, அதையும் விட்டுவிடாதே.

பாப்பா இப்போது ஸ்டார்டியூ வேலி என்ற கேமில் விவசாயம் செய்கிறாள். எரிக் பரோன் நாலு வருஷத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து படம், பாட்டு, நிரல் எல்லாம் செய்து 2016இல் வெளியிட்டது. அதைக் காட்டி, ஒரே ஆள் இவ்வளவு செய்யும்போது நீ ஏன் செய்யவில்லை என்று மற்றவர்களை அடிப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. போன வாரம் அவள் அப்புச்சி வந்திருந்தார், அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மழை பெய்த அன்றைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்று அவள் காட்டியதும், “அதையுங்கூட நெனச்சு வெச்சிருக்கானே அம்மிணி” என்று சந்தோஷப்பட்டார்.

அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸுக்கு வருகிறேன். மஞ்சள் வேகவைக்கிற நாளாக இருந்தால் முன்னாலேயே சொல், திங்கட்கிழமையும் லீவு போட்டுவிடுகிறேன். ரிவ்யூவை எழுதி வை, போடுவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை