‘சாப்பிட்டேன்’ என்று எழுதிய மகளுக்கு

திண்டிவனம்
ஞாயிறு காலை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. கிணற்றடித் தென்னை மறுபடி குலை தள்ளியிருக்கிறது. ஹைதராபாத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. பகல் ஒரு மணிக்கு வகுப்பு என்றால் அதற்கு முன்பே வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்.

முதலாண்டு மாணவர்களுக்குச் சொற்பொருள் பாடம் தொடங்குகிறாய், தமிழிலிருந்து எடுத்துக்காட்டு வேண்டும் என்று கேட்டிருந்தாய். 34 வருடம் பள்ளியில் இலக்கணம் நடத்தியவனிடம், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் மகள் கேட்கிறாள். அதை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

‘ஆறு’, ‘நூல்’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. எண்ணாகிய ஆறும் ஓடுகிற ஆறும் ஒரே உருவத்தில் வந்து நிற்கும் இரண்டு சொற்கள். நூல் அப்படியில்லை. சொல்தான் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு கதிர் என்று நன்னூல் உவமை சொல்கிறதே, அதைக் காட்டு. அங்கே சொல் ஒன்றுதான், பொருள் கிளைத்திருக்கிறது. ‘திங்கள்’ என்பதும் அப்படியே. நிலவு, அது தேய்ந்து வளரும் மாதம், அதன் பெயரில் ஒரு கிழமை. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

எதிர்ச்சொல்லில் சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் நடுவே வெதுவெதுப்பு உண்டு. ஒற்றைக்கும் இரட்டைக்கும் நடுவே எதுவும் இல்லை. கணவன், மனைவி என்பது வேறு வகை. ஒருவர் இருந்தால்தான் மற்றவருக்கு அந்தப் பெயர். இதற்கு வாங்கல், விற்றல் என்றே சொல்லிவிடு. அது போதும்.

ஒருபொருள் தரும் பல சொற்களைத் திவாகரம், பிங்கலம் என்ற பழைய நிகண்டுகள் அடுக்கித் தரும். தொல்காப்பியர் அடுக்கியதோடு நிற்கவில்லை, பிரித்தும் காட்டினார். ஈ, தா, கொடு மூன்றும் கேட்கும் சொற்கள். தாழ்ந்தவன் கேட்டால் ‘ஈ’, நிகரானவன் கேட்டால் ‘தா’, உயர்ந்தவன் கேட்டால் ‘கொடு’. நீளுகிற கை ஒன்றுதான். யார் முன்னால் நீளுகிறது என்பதில் சொல் மாறிவிடுகிறது. இதை அவசரப்படாமல் நடத்து. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பார்த்தால் எங்கே உரசுகிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

உன் போன வாரச் செய்தியில் ‘சாப்பிட்டேன்’ என்று இருந்தது. அதற்கு முந்தைய வாரமும் அப்படியே. தீபாவளி வரை ‘சாப்பிட்டோம்’ என்றுதான் எழுதுவாய். ‘எங்கள் வீட்டில் தண்ணீர் வரவில்லை’ என்பவள், இப்போது ‘இங்கே தண்ணீர் வரவில்லை’ என்கிறாய். ஒருமைக்கு ‘-ஏன்’, பன்மைக்கு ‘-ஓம்’ என்று விகுதிகளைக் கரும்பலகையில் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன். மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் என்கிறாள் அம்மா. இருக்கும். பொங்கலுக்கு அவர் பேசாததையும் வேலை என்றே எடுத்துக்கொண்டோம். மறைப்பதற்கு நாங்கள் என்ன அயலாரா என்று ஒரு நாள் எனக்குக் கோபம்கூட வந்தது. நேரத்துக்குச் சாப்பிடு, அம்மா.

நீ கேட்ட கடைசிக் கேள்விதான் என்னை உட்காரவிடவில்லை. பொருள் இருந்தும் சொல் இல்லாத இடத்துக்குத் தமிழில் எதைக் காட்டலாம் என்று கேட்டாய். கணவனை இழந்தவளுக்குக் கைம்பெண், விதவை, அறுதலி என்று எத்தனையோ உண்டு. மனைவியை இழந்தவனுக்கு இலக்கணத்தில் ‘தபுதார நிலை’ இருக்கிறது. தெருவில் அவனைக் குறிக்க ஒரு சொல் இல்லை. வாழாவெட்டி என்பதற்கு ஆண்பாலே இல்லை.

இந்தச் சொல்லை எழுதிவிட்டு அரை மணி நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

அத்தையைப் பற்றி நீ அறியாத ஒன்று உண்டு. 2013 ஆவணியில் உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்று நீ உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தாய். அவர்கள் வீட்டுப் பெரியவர், ‘உங்கள் தங்கை இங்கேதானா?’ என்று கேட்டார். வாழாவெட்டி இருக்கும் வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவார்களோ என்று பயந்தேன். ‘அவள் புருஷன் தவறிவிட்டார்’ என்றேன். அவர் அப்போது விழுப்புரத்தில் கடை நடத்திக்கொண்டிருந்தார். இரண்டும் புருஷன் துணை இல்லாத நிலைதானே, கிட்டத்தட்ட ஒருபொருள்தானே என்று எனக்கு நானே பாடம் சொல்லிக்கொண்டேன். அத்தை காபித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

மறுநாள் காலை கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. 1986 ஐப்பசி மழையில் அந்தத் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாளே, அன்றுகூட வைத்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இட்லி எத்தனை வைக்கட்டும் என்றுதான் கேட்டாள். நானும் இரண்டு என்றேன்.

அவள் போன அன்று அம்மா குங்குமச் சிமிழை எடுத்தாள். விழுப்புரத்துக்காரர் அப்போதும் இருந்தார். ஆனால் கூடத்தில் உன் மாமனார் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். வெறும் நெற்றியோடு அவளை அனுப்பினேன். உனக்காகச் செய்தேன் என்று இத்தனை நாள் என்னை நானே தேற்றிவந்தேன். ஊர் என்னை என்ன சொல்லும் என்ற பயத்தில்தான் செய்தேன், கயல்.

பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஜன்னல் தாழ்ப்பாளையும் மாற்றிவிட்டேன். அவள் பெட்டியை எடுக்கவில்லை; அதன் பக்கத்தில் உன் புத்தகங்களுக்கு அலமாரி வைக்க இடம் விட்டிருக்கிறேன். சார்மினார் எக்ஸ்பிரஸில் கிளம்பினால் சொல், சென்னைக்கே வந்து ஸ்டேஷனில் நிற்பேன். ‘வருகிறேன்’, ‘வருகிறோம்’ எதுவானாலும் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுது. நான் வேறு எதுவும் கேட்க மாட்டேன். தெருவில் யாராவது கேட்டால், என் மகள் வந்திருக்கிறாள் என்று சொல்வேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஈ, தா, கொடு நூற்பாக்களைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மா உனக்குக் கறிவேப்பிலைப் பொடி அரைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.