ஜெனீவாவுக்கு முன் செங்கலடி

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறுகள் வெளிவரும் காலத்தில் மட்டக்களப்பு, கல்முனை மதில்களில் வெளிநாட்டுப் படிப்பு விளம்பரங்கள் நிறைந்துவிடுகின்றன. அண்மைக்காலமாக அவற்றில் ‘பொதுச் சுகாதார முதுமாணி’யும் சேர்ந்திருக்கிறது. ஓராண்டு படித்தால் ஜெனீவாவிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தில் வேலை என்ற தொனியில் பேசும் முகவர்களை நம்பி, காணியை ஈடு வைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். இத்துறையில் வேலை செய்கிறவர்கள் என்ற வகையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதுமாணிப் பட்டம் தேவைதான். எப்போது படிப்பது என்பதில்தான் பிழை விடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் பதவிகளில் தொடக்க நிலையான பி-2 தரத்துக்குக் குறைந்தது 2 ஆண்டும், பி-3 தரத்துக்கு 5 ஆண்டும் தொடர்புடைய அனுபவம் கேட்கப்படுகிறது. பி-3 முதல் மேலே, அந்த அனுபவத்தில் ஒரு பகுதி வெளிநாட்டில் பெற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் கூடவே வரும். பட்டம் மட்டும் வைத்திருப்பவரின் விண்ணப்பம் முதற் சல்லடையிலேயே விழுந்துவிடும். போதாக்குறைக்கு, 24 வயதில் சொந்தக் காசில் முதுமாணி முடித்தவருக்கு இரண்டாவது முதுமாணிக்குப் பணம் கொடுக்கும் புலமைப்பரிசில்கள் மிகக் குறைவு. அனுபவத்தோடு போயிருந்தால் இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய படிப்பு அது.

அந்த அனுபவத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். செங்கலடியிலும் வாகரையிலும் களுவாஞ்சிக்குடியிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளைத்தான் காட்டுவோம். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து வளர்ந்த அமைப்பு இது. 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழும் 2019இல் தட்டம்மை ஒழிப்புச் சான்றும் இலங்கைக்குக் கிடைத்ததில் இந்த அமைப்பின் பங்கு பெரியது. வெளிநாட்டு மாணவர் விமானம் ஏறி வந்து படித்துவிட்டுப் போகும் விடயம் எங்கள் பிள்ளைகளின் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அங்கே எதைக் கற்பது? முதலில் ஒரு நோயாளி எப்படி ஓர் எண்ணாக மாறுகிறார் என்பதை. வைத்தியசாலை வாட்டில் டெங்கு என்று சந்தேகித்தவுடன் ஹெல்த் 544 படிவம் நிரப்பப்பட்டு, நோயாளி வசிக்கும் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகிறது. பொதுச் சுகாதார பரிசோதகர் வீடு தேடிப் போய் விசாரித்து 411 படிவத்தை நிரப்புகிறார். வார முடிவில் 399 படிவம் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவைச் சேர்கிறது. அந்தப் பிரிவு வெளியிடும் வாராந்த தொற்றுநோயியல் அறிக்கையை இணையத்தில் யாரும் இலவசமாக எடுக்கலாம். இலத்திரனியல் முறை கலந்துவிட்டாலும் தகவல் போகும் பாதை இதுவே.

ஆர்வமுள்ள பட்டதாரி ஒருவர் நாளைக்கே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. கடந்த ஆறு ஆண்டு வார அறிக்கைகளை எடுத்து, மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் டெங்கு, எலிக்காய்ச்சல், வயிற்றுளைவு எண்களை ஒரு விரிதாளில் வாரம் வாரமாக இடுங்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு வாரத்துக்குமான சராசரியையும் நியம விலகலையும் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) கணியுங்கள். சராசரியோடு இரண்டு நியம விலகலைக் கூட்டி ஒரு கோடு வரைந்து, ஆறாவது ஆண்டை அதன்மேல் போடுங்கள். கோட்டைத் தாண்டும் வாரங்கள் எவை என்று பாருங்கள்; வழமையை மீறி நோய் பரவிய வாரங்கள் அவை. பெருந்தொற்று நடந்த ஆண்டு ஒன்று அந்த ஐந்துக்குள் இருந்தால் கோடு அநியாயத்துக்கு மேலே போய்விடும். நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவான 2017 போன்ற ஆண்டை விலக்குவதா, சராசரிக்குப் பதில் இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுப்பதா என்று அங்கே யோசிக்க வேண்டிவரும். அந்த யோசனைதான் படிப்பு.

இதில் வெளியூர் ஆய்வாளர்கள் வழமையாக வழுக்கும் இடம் கல்முனை. அறிக்கையில் அம்பாறை வேறு, கல்முனை வேறு. இரண்டும் தனித்தனிப் பிராந்திய சுகாதாரப் பிரிவுகள். குடித்தொகைக் கணக்கெடுப்போ அம்பாறையை ஒரே நிர்வாக மாவட்டமாகத் தருகிறது. கல்முனையின் நோயாளர் எண்ணிக்கையை முழு மாவட்டக் குடித்தொகையால் வகுத்தால் வீதம் பொய்யாகக் குறைந்துவிடும். பிரதேச செயலக மட்டத்தில் குடித்தொகையைக் கூட்டித்தான் சரியான பகுதியெண்ணைப் பெற வேண்டும். அறிக்கையில் நேரத்துக்கு வந்ததா, முழுமையாக வந்ததா என்று காட்டும் இரண்டு நிரல்களும் உண்டு. அவற்றைப் பார்க்காமல் ‘இந்த வாரம் நோய் குறைந்துவிட்டது’ என்று எழுதுபவர், படிவம் வராத வாரத்தை நோயற்ற வாரமாக்கிவிடுகிறார். கொழும்பில் டெங்கு பெரும்பாலும் தென்மேல் பருவத்தோடு ஆனி, ஆடியில் ஏறும். எங்களுக்கு மாரி மழையோடு மார்கழி, தையில். நாட்டுக்கு ஒரே வரைபைப் போட்டால் மட்டக்களப்பு அதற்குள் காணாமல் போய்விடும்.

ஆய்வுத் தலைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருநூறு மாணவரிடம் வினாக்கொத்துக் கொடுத்து ‘டெங்கு பற்றிய அறிவும் மனப்பாங்கும்’ அளக்கும் ஆய்வுகள் இனிப் போதும். மாந்தீவுத் தொழுநோய் வைத்தியசாலை இருந்த மாவட்டம் இது. தொழுநோய் இன்றும் இங்கே கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. புதிய நோயாளரில் சிறுவர் எத்தனை வீதம், கண்டுபிடிக்கும்போதே வெளித்தெரியும் ஊனம் உள்ளவர் எத்தனை வீதம் என்ற இரண்டு எண்களும் பரவல் தொடர்கிறதா, நோய் எவ்வளவு பிந்திப் பிடிபடுகிறது என்பதைச் சொல்லிவிடும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையையும் கிழக்கேயுள்ள எழுவான்கரையையும் பிரித்துப் பார்த்தால் அதுவே நல்ல ஆய்வு. நோயாளர் பதிவேட்டைத் தொடுவதற்கு முன் நெறிமுறைக் குழுவின் எழுத்து மூல அனுமதியும் பிராந்தியப் பணிப்பாளரின் அனுமதியும் வேண்டும். ஆய்வு முடிந்தபின் அனுமதி கேட்டால் கிடைக்காது. அனுமதி இலக்கம் இல்லாத கட்டுரையைத் தரமான சஞ்சிகை எதுவும் ஏற்காது.

உலகத்துக்குக் கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் கிணறுகளை நினைத்துப் பார்க்கட்டும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற் திட்டில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் உப்பேறிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைக்கும்போது கீழிருந்த உவர்நீர் மேலெழுந்து வந்தது. பல இடங்களில் உப்பைக் கழுவியது அடுத்து வந்த மாரி மழைதான். கிணற்றைத் துப்புரவாக்கி, குளோரின் இட்டு, இறைப்பதை மட்டோடு நிறுத்தி, குடிநீரைப் பௌசரில் கொடுப்பது என்ற நடைமுறையை இந்தக் கரையோர அனுபவம் உறுதிப்படுத்தியது. மாலைதீவிலும் பசுபிக் தீவுகளிலும் இதே மணல், இதே நீர். அனர்த்தக் காலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் நீர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்ற ஸ்பியர் (மனிதாபிமான உதவிக்கான சர்வதேசக் குறைந்தபட்ச நியமங்கள்) அளவுகளை மனப்பாடம் செய்தவர் பலர். வெள்ளத்தில் ஒரு பாடசாலை முகாமில் அவற்றை நடைமுறைப்படுத்தியவரையே நேர்முகப் பரீட்சையில் தேடுகிறார்கள்.

வைத்தியராக இருந்தால்தான் இந்த வழி என்பதும் தவறு. வைத்தியர்களுக்குப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் சமுதாய மருத்துவப் பாதை தெளிவாக இருக்கிறது. அதை விளக்கத் தேவையில்லை. புவியியல் படித்தவருக்கு வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் (QGIS), புள்ளிவிபரவியல் படித்தவருக்குத் தரவுப் பகுப்பாய்வுக்கான ஆர் (R) மொழி, கணினி படித்தவருக்குச் சுகாதாரத் தகவல் மென்பொருளான டிஎச்ஐஎஸ்-2 (DHIS2). மூன்றும் இலவசம். 2020 தொடக்கத்தில் விமான நிலையத்தில் வந்திறங்கியோரைக் கண்காணிக்க இலங்கையில் டிஎச்ஐஎஸ்-2இல் செய்த அமைப்பையே பின்னர் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. முகாமைத்துவம் படித்தவருக்குத் தடுப்பூசிக் குளிர்ச் சங்கிலி இருக்கிறது. 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைக்க வேண்டியதைப் பலர் வெப்பத்திலிருந்து மட்டுமே காப்பாற்றுகிறார்கள். ஐஸ் கட்டியை நேரே தொட்டு உறைந்த ஐங்கூட்டுத் தடுப்பூசியும் பழுதுதான்; குலுக்கிப் பார்த்தால்தான் தெரியும். இதையறிந்த களஞ்சியப் பொறுப்பாளருக்கு உலகெங்கும் வேலை உண்டு.

வெளியே போகும் படிகள்: ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் இலங்கை அலுவலகங்களிலுள்ள தேசிய உத்தியோகத்தர் பதவிகள் இலங்கையருக்கு மட்டுமே உரியவை, போட்டி ஒப்பீட்டளவில் குறைவு. ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டமும் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் முதல் வெளிநாட்டு அனுபவத்துக்கு நல்ல வாசல்கள். பின்னையதில் நீர் வழங்கல், கணக்கு, களஞ்சியம் தெரிந்தவர்களுக்கும் இடமுண்டு. பிரெஞ்சு தெரிந்தால் ஆபிரிக்காவின் பாதி திறக்கிறது. இரண்டாவது டிப்ளோமாவுக்குச் செலவழிக்கும் காசைப் பிரெஞ்சுக்குச் செலவழிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் உள்ளகப் பயிற்சிக்கு இப்போது உதவித்தொகையும் உண்டு. படிப்புக்கு பிரித்தானியாவின் செவனிங், ஜேர்மனியின் டாட் (DAAD), பொதுநலவாய, அவுஸ்திரேலியப் புலமைப்பரிசில்களைப் பாருங்கள். முதல் இரண்டும் 2 ஆண்டு வேலை அனுபவம் கேட்கின்றன. டாட் கடைசிப் பட்டம் பெற்று 6 ஆண்டுக்கு மேற்படாதிருக்க வேண்டும் என்கிறது. டாக்காவின் பிராக் பல்கலைக்கழகத்தையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் நாட்டுச் சூழலுக்கு இலண்டனைவிட அது நெருக்கம். ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையான ஐஈஎல்டிஎஸ் பெறுபேறு 2 ஆண்டே செல்லும் என்பதால் விண்ணப்பத் திகதியைப் பார்த்து எழுதுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2025இல் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எயிட்டையும் மூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2026-27 வரவுசெலவுத் திட்டம் சுமார் 530 கோடி டொலரிலிருந்து 420 கோடியாக வெட்டப்பட்டது. அனுபவமுள்ள ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து அதே விளம்பரங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஈடு வைத்த காணியோடு இந்தப் போட்டிக்குள் இறங்குவதன் ஆபத்தைப் பெற்றோர் அறிய வேண்டும்.

சுயவிபரக் கோவையில் ‘உதவி செய்தேன்’, ‘பங்கேற்றேன்’ என்பவற்றை யாரும் வாசிப்பதில்லை. எத்தனை பிரிவு, எத்தனை மாதம், எந்தத் தரவு, அதனால் என்ன முடிவு மாறியது என்று எழுத வேண்டும். இங்கேதான் எங்கள் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். வெள்ளக் காலத்தில் முகாம் முகாமாக ஓடியவர்களிடம் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர்கள் கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களோடு பேசி, எந்தப் பீடப் பட்டதாரியும் சேரக்கூடிய ஆறு மாதக் களப் பயிற்சி ஒன்றை ஒழுங்குசெய்ய வேண்டும். முடிவில் செய்த வேலையைக் குறிப்பிட்டு, திகதியிட்ட கடிதம் வழங்க வேண்டும். தங்கள் பத்திரிகை, புலமைப்பரிசில் அறிவித்தல்களை முடிவுத் திகதிக்கு முதல் நாளல்ல, விண்ணப்பம் திறக்கும் வாரத்திலேயே கல்விப் பக்கத்தில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரத் துறைப் பணியாளர்கள் சிலர்,
மட்டக்களப்பு.