அப்பாவுக்கு, ஓபர்லினிலிருந்து

ஓபர்லின், ஒஹாயோ
செப்டம்பர் 30

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்ல" என்று ஒரே பதில்தான் வருகிறது. அப்பா, நீங்களாவது உள்ளதை எழுதுங்கள்.

வாரம் இரண்டு தடவை வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, எதற்குக் கடிதம் என்று அம்மா கேட்பாள். போனில் சாப்பாடு, தூக்கம், குளிர் என்று மூன்றே விஷயத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த மாதம் முழுக்க நான் பார்த்ததையும் கேட்டதையும் உங்களிடம் உட்கார்ந்து சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

இவருக்கு இந்தக் கல்லூரியில் வேலை கிடைத்த அன்று, ஊர்ப் பெயரைச் சொன்னதும் நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டது எனக்கு நினைவிருக்கிறது. "ஓபர்லினா? எங்க ஓபர்லின் சார் ஊரா?" என்றீர்கள். அமெரிக்கன் கல்லூரியில் நீங்கள் பி.யூ.சி. படித்தபோது இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்த அந்தப் பையனைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். வேட்டி கட்டிக்கொண்டு கோரிப்பாளையத்தில் சைக்கிள் ஓட்டினவர், ஆறே மாதத்தில் தமிழில் பேரம் பேசக் கற்றுக்கொண்டவர். அவர் எதற்காக அவ்வளவு தூரம் மதுரைக்கு வந்தார் என்று இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த ஊர் நடுவில் டாப்பன் சதுக்கம் என்று ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. அதன் ஓரத்தில் 1903ஆம் ஆண்டு கட்டிய ஒரு கல் வளைவு. 1900இல் சீனாவில் வெளிநாட்டவரை எதிர்த்து நடந்த பாக்ஸர் கலகத்தில் கொல்லப்பட்ட மிஷனரிகளின் நினைவாகக் கட்டியது. அவர்களில் பலர் இந்தக் கல்லூரியில் படித்து ஷான்சி மாகாணத்துக்குப் போனவர்கள். 1908இல் அந்த மாகாணத்தின் பெயரிலேயே ஒரு சங்கம் ஆரம்பித்து, படித்து முடித்த பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கிறார்கள். பிறகு சீனாவின் கதவு மூடிக்கொண்டதும் மற்ற ஆசிய ஊர்களுக்கு அனுப்பினார்கள். அதில் நம் மதுரையும் ஒன்று. அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் இங்கிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் உங்கள் சார் நினைவுதான் வருகிறது.

ஊர் மிகவும் சின்னது. ஒரு முக்கு, நாலு கடை, சுற்றிலும் மக்காச்சோளக் கொல்லை. கிளீவ்லாண்டுக்கு 55 கிலோமீட்டர் இருக்கும். கார் ஓட்டத் தெரியாமல் எங்கேயும் போக முடியாது. என் விசாவில் வேலை பார்க்கவும் அனுமதி இல்லை. இவர் காலையில் போனால் இருட்டினபின்தான் வருவார். வந்த முதல் இரண்டு வாரம் மத்தியானம் இரண்டு மணி ஆனாலே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். உங்களிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இப்போது அப்படி இல்லை.

மாறியது எப்படி என்றால், பாட்டுச் சத்தத்தால். கல்லூரியின் இசைப் பள்ளி 1865இல் ஆரம்பித்தது. அதில் பயிற்சி செய்வதற்கென்றே ஒரு கட்டடம் உண்டு. உள்ளே ஏறக்குறைய 150 சின்னச் சின்ன அறைகள். ஒரு சாயங்காலம் அந்தப் பக்கமாக நடந்துபோனேன். ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்றில் பியானோ, ஒன்றில் வயலின், மேலே எங்கேயோ ஒரு பெண் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறாள். எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கேட்டது. அப்பா, அதைக் கேட்டதும் எனக்குச் சித்திரைத் திருவிழாதான் நினைவுக்கு வந்தது. மாசி வீதி முனையில் நிற்கும்போது ஒரு பக்கம் நாதஸ்வரம், ஒரு பக்கம் கோலாட்டக் குச்சி, பின்னால் பலூன்காரன் ஊதல் என்று கேட்குமே, அதே மாதிரி. அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் நோட்டீஸ் பலகையைப் பார்த்தேன். கிட்டத்தட்ட தினமும் ஏதோ ஒரு கச்சேரி. வருஷத்துக்கு 500க்கு மேல் நடக்குமாம், பெரும்பாலும் இலவசம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் உட்கார வேண்டியதுதான். யாரும் டிக்கெட் கேட்கவில்லை, யார் நீ என்றும் கேட்கவில்லை. செலவுக்குக் கையில் சொந்தக் காசு இல்லாத ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும்.

முதல் கச்சேரியில் ஒரு மாணவர் செல்லோவில், அதாவது உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி வாத்தியத்தில், பாக் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர் எழுதிய தனி வாத்தியத் தொகுப்பு ஒன்றை வாசித்தார். பக்கவாத்தியம் கிடையாது. மேடையில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வாத்தியம். சுமார் 300 வருஷம் முன்னால் எழுதியது. ஆறு பகுதி. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. நாலாவது பகுதி மெதுவாக வந்தபோது என் கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. மூன்று மூன்றாக, நம் ரூபகம் மாதிரி. பக்கத்தில் இருந்த வயதான அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்கிறேனோ என்று நிறுத்திவிட்டேன். முடிந்ததும் அவர், "ஏன் நிறுத்தினாய்? அது என்ன, எனக்கும் காட்டு" என்றார். வெளியே வராந்தாவில் நின்று ரூபகமும் ஆதி தாளமும் போட்டுக் காட்டினேன். விரல் எண்ணுவதில் அவருக்கு மூன்றாவது விரலில் குழப்பம் வந்தது. எனக்குப் பாட்டு வாத்தியார் சொல்லிக்கொடுத்த மாதிரியே அவர் விரலைப் பிடித்து வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். இந்த நாட்டில் நான் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அதற்குப் பிறகு எந்தக் கச்சேரி என்றாலும் அவர் எனக்கு ஒரு நாற்காலி பிடித்து வைக்கிறார்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை நடு ராத்திரி ஃபின்னி சேப்பலில் ஆர்கன் கச்சேரி. 1908இல் கட்டிய பெரிய கல் மண்டபம் அது, 1,200 பேர் உட்காரலாம். மேடைக்குப் பின்சுவர் முழுக்கக் குழாய்கள். பிள்ளைகள் எல்லாம் மேடையில் போய்த் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார்கள். நானும் படுத்தேன். கீழ் ஸ்தாயி வந்தபோது சத்தம் காதுக்கு வரவில்லை, முதுகெலும்பில் ஏறியது. ராத்திரி சாமி புறப்பாட்டில் தவில்காரர் பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்குள் அடிக்குமே, அந்த மாதிரி.

இனி ஓவியத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இதைச் சொல்லத்தான் கடிதமே.

கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு ஓவியக் காட்சியகம் இருக்கிறது. ஆலன் மியூசியம் என்று பெயர், 1917இல் திறந்தது. அனுமதி இலவசம். நியூயார்க்கில் உல்வொர்த் கட்டடத்தை வடிவமைத்த காஸ் கில்பர்ட்தான் இதையும் கட்டியவர். ஃபின்னி சேப்பலும் அவர் கட்டியதே. இந்தக் காட்சியகத்தில் 1940களிலிருந்து ஒரு பழக்கம் நடந்துவருகிறது. எலன் ஜான்சன் என்ற பேராசிரியை ஆரம்பித்தது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மாணவர்கள் அசல் ஓவியங்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் அறையில் மாட்டிக்கொள்ளலாம். அச்சடித்த நகல் இல்லை, அப்பா. அசல். தகட்டில் கோடு கீறி, மை பூசித் தாளில் அழுத்தி எடுக்கும் செதுக்கோவியம், அதுவும் பிக்காசோவின் கையால் ஆனதுகூட அதில் உண்டு. வாடகை எவ்வளவு தெரியுமா? ஒரு பருவம் முழுவதற்கும் 5 டாலர். இங்கே ஒரு தோசை அதற்குக் கிடைக்காது.

எனக்கு இங்கே ஒரு பெண் பழக்கம். அவளுடைய அப்பா அம்மா திருச்சிக்காரர்கள், அவள் நியூ ஜெர்சியில் வளர்ந்தவள். வயோலா படிக்கிறாள், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம். என்னை "அக்கா" என்று கூப்பிடுவாள், அதற்கு மேல் தமிழ் கொஞ்சம் தடுமாறும். நல்ல படம் கிடைக்க வேண்டுமென்றால் முதல் நாள் ராத்திரியே போய்க் காட்சியகத்து வாசலில் கூடாரம் போட்டுப் படுக்க வேண்டும் என்றாள். நான் எலுமிச்சம்பழச் சாதமும் ஒரு ஃபிளாஸ்க் டீயும் எடுத்துக்கொண்டு போனேன். புல்லில் வரிசையாகக் கூடாரங்கள். போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒருவன் கணக்குப் போடுகிறான், ஒருத்தி கிதார் மீட்டுகிறாள். சினிமா டிக்கெட்டுக்கு முதல் நாளே வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஓவியத்துக்காகப் பிள்ளைகள் பனியில் படுத்துக்கிடப்பதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். விடியும்வரை அவளோடு உட்கார்ந்திருந்தேன். எலுமிச்சம்பழச் சாதம் பக்கத்துக் கூடாரங்களுக்கும் போனது.

காலையில் எங்களுக்கு முன்னால் நின்ற பையன் ஒரு பிக்காசோவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். பிறந்த குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் முகம் அவனுக்கு. நம் பெண் எடுத்தது சின்னச் செதுக்கோவியம், கறுப்பு மையில் ஒரு மரமும் ஒரு வேலியும். அவள் அறைக்குப் போய் நானே மாட்டிக்கொடுத்தேன். மேஜையில் அவள் அம்மா கொடுத்த பிள்ளையார் படம், அதற்கு மேலே இது. கிட்டப் போய்ப் பார்த்தேன். தாளின் ஓரத்தில் தகடு அழுத்தின தடம் அப்படியே பள்ளமாகத் தெரிகிறது. கோட்டின் முடிவில் ஊசி தூக்கின இடம்கூடத் தெரிகிறது. காட்சியகத்தில் சுவரைப் பார்த்து ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு நகர்ந்துவிடுவோம். இவள் நாலு மாதம் தூங்கி எழுந்திருக்கும்போதெல்லாம் அந்த வேலியைப் பார்ப்பாள். நீங்கள் வகுப்பில் சொல்வீர்களே, படத்தோடு வாழ்ந்தால்தான் படம் பேசும் என்று. அது இங்கே நடக்கிறது, அப்பா.

இதே எலன் ஜான்சன் இன்னொரு காரியமும் செய்திருக்கிறார். ஃபிராங்க் லாயிட் ரைட் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கட்டிய ஒரு வீடு இந்த ஊரில் இருக்கிறது. செங்கல்லும் மரமும் கலந்து, எல் எழுத்து மாதிரி மடங்கிய வீடு. அதைக் கெடுத்து வைத்திருந்தார்களாம். 1968இல் ஜான்சன் வாங்கிப் பழையபடி சரிசெய்து, அதிலேயே வாழ்ந்து, கல்லூரிக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். உள்ளே ஓசையே இல்லை. இவர் மரவேலையைத் தடவிக்கொண்டே நின்றார், கிளப்பிக்கொண்டு வரவே பாடாகிவிட்டது.

எல்லாமே பொன்னுலகம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே படிக்க ஆகும் செலவை நம்மைப் போன்ற குடும்பம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. உதவித்தொகை வாங்குகிற பிள்ளைகளும் கவலையோடுதான் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கல்லூரி 1835இலேயே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள முடிவெடுத்தது. அடிமை முறை சட்டப்படி இருந்த காலம் அது. இரண்டே வருஷத்தில், 1837இல், பட்டப்படிப்புக்குப் பெண்களையும் சேர்த்தார்கள். 1862இல் மேரி ஜேன் பேட்டர்சன் என்ற கறுப்பினப் பெண் இங்கே பட்டம் வாங்கினார். கதவைத் திறந்து வைக்கும் பழக்கம் இந்த ஊருக்கு ரொம்பப் பழையது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் ஒரு சார் கோரிப்பாளையம்வரை வந்தார், நான் நடு ராத்திரி ஃபின்னி சேப்பலில் போய்ப் படுத்தேன்.

மேப்பிள் மரங்கள் உச்சியில் மட்டும் சிவக்க ஆரம்பித்திருக்கின்றன. குளிர் வந்தால் வெளியே போக முடியாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஏப்ரல் எப்போது வரும் என்று இப்போதே எண்ணுகிறேன். 1978லிருந்து கிளீவ்லாண்டில் ஈஸ்டரை ஒட்டித் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. சென்னையிலிருந்து வித்வான்கள் எல்லாம் வருவார்கள். பஞ்சரத்னம் பாடும் கூட்டத்தில் நானும் உட்காரப்போகிறேன். தாளம் கற்றுக்கொண்ட அந்த அம்மாவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், கார் அவருடையது.

அப்பா, இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பரணில் டிரங்குப் பெட்டியில் தினத்தாளில் சுற்றி, வேப்பிலை போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த வாட்டர்கலர் படங்களை இறக்குங்கள். 30 வருஷமாக வெளிச்சம் படவில்லை. புதுமண்டபத்துத் தையல்காரர்களை வரைந்தீர்களே, இப்போது அங்கே ஒரு மெஷின்கூடக் கிடையாது. அந்த மெஷின்கள் உங்கள் படத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதைப் பெட்டிக்குள் வைத்து யாருக்கு என்ன லாபம்? மாடி வீட்டுப் பையன் எட்டாவது படிக்கிறான், கணக்கு நோட்டு முழுக்கப் படம் வரைகிறான் என்று அம்மா சொன்னாள். முதல் படத்தை அவனுக்குக் கொடுங்கள். அடுத்து எதிர்வீட்டு அக்கா மகளுக்கு. ஒரு நோட்டுப் போட்டு, பெயர், தேதி எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விடும்போது திருப்பித் தரட்டும், வேறு படம் எடுத்துக்கொள்ளட்டும். வாடகை 5 ரூபாய். சும்மா கொடுத்தால் சுவரில் மாட்ட மாட்டார்கள், காசு கொடுத்தால் மாட்டுவார்கள். கண்ணாடி போடுகிற செலவுக்கு நான் பணம் அனுப்புகிறேன். தெற்கு மாசி வீதியில் உங்கள் பழைய மாணவர் பிரேம் கடை வைத்திருக்கிறாரே, அவரிடமே கொடுங்கள்.

கெட்டுப்போகும், கிழித்துவிடுவார்கள் என்று சொல்வீர்கள். இங்கேயும் பதினெட்டு வயசுப் பிள்ளைகள்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அம்மா, இங்கே கறிவேப்பிலைக்குக் கிளீவ்லாண்டுப் பக்கம்தான் போக வேண்டும், வாரம் ஒரு தடவை கிடைத்துவிடுகிறது. சாம்பார்பொடி டிசம்பர்வரை வரும். கவலைப்படாதே.

அப்பா, அழகர் ஆற்றில் இறங்குகிற படம் ஒன்று உண்டே, கூட்டத்துக்கு நடுவில் உங்கள் தோளில் நான் உட்கார்ந்திருப்பேன், மஞ்சள் கவுன். அதை மட்டும் வேறு யார் பேரிலும் எழுத வேண்டாம். நோட்டில் முதல் வரியில் என் பெயரைப் போட்டு வைத்துவிடுங்கள். ஊருக்கு வரும்போது 5 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு மகள்