இரவில் போனை எடுக்க ஓர் ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தில் தமிழ் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களுக்குத் திருவான்மியூரில் மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறவள் நான். ஐப்பசி மழையில் போலந்து மாணவிக்கு டெங்கு வந்த கதை உங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிட்டதால்தான் இந்த மடல்.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். அந்தப் பெண்ணோ காய்ச்சல் விட்டதும் வகுப்புக்குக் கிளம்பிவிட்டாள். வருகைப்பதிவு குறைந்தால் விசாவுக்குச் சிக்கல் என்று உங்கள் ஆட்கள் சொல்லி வைத்திருந்தார்கள். அன்று மாலையே வயிற்றுவலி, வாந்தி. இரவில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

படிவத்தில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம். ‘வீட்டு உரிமையாளர்’ என்று எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் அதை அடித்துவிட்டு, குடும்பத்தினர் அல்லது படிக்கும் நிறுவனத்தின் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். உங்கள் அலுவலக எண்ணை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ‘திங்கட்கிழமை அலுவலக நேரத்தில் வரவும்’ என்று பதில் வந்தது. அன்று சனிக்கிழமை. அவளுடைய பயணக் காப்பீடு, நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகு ரசீது காட்டி வாங்கிக்கொள்ளும் வகை. முன்பணத்தை என் மகன் கட்டினான். ஈறில் இரத்தம் வருகிறதா என்று செவிலியர் கேட்டபோது, சங்கப் பாடல் ஒப்பிக்கிற அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். என் ஈறைத் தொட்டுக் காட்டினேன்.

நான் கேட்பது ஒன்றுதான்: இரவிலும் போனை எடுக்க, மருத்துவமனைக்கு வந்து கையெழுத்துப் போட, உங்கள் சார்பில் ஓர் ஆள்.

வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் நாங்கள் அவர்களுடைய விவரங்களை அரசாங்கத்துக்கு இணையத்தில் ஏற்ற வேண்டும், ஏற்றிவிடுகிறோம். அவள் எங்கே தூங்குகிறாள் என்பது அரசாங்கத்துக்கு ஒரே நாளில் தெரிந்தாக வேண்டும். எங்கே மயங்கி விழுந்தாள் என்பது மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம் போலிருக்கிறது. பொங்கல் வந்தால் இதே பிள்ளைகளுக்கு வேட்டியும் புடவையும் கட்டி, பானை முன்னால் நிறுத்தி, குறள் சொல்லவைத்துப் படம் எடுக்க உங்களிடம் ஒரு குழுவே உண்டு. அதிலிருந்து ஒருவரைக் கொடுத்தாலும் போதும்.

அது கிடக்கட்டும். மழை நாட்களில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். மனம் சரியில்லை என்றால் 14416 டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாக, ஆங்கிலத்திலும் பேசலாம் என்று அவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதையும் ஆம்புலன்சுக்கான 108, மருத்துவ ஆலோசனைக்கான 104 எண்களையும் ஒரு தாளில் அடித்து முதல் நாளே கையில் கொடுக்க என்ன செலவாகிவிடும்?

தை மாதம் அடுத்த குழு வருவதற்குள், தயவுசெய்து அந்த ஒருவரை நியமியுங்கள். பெயரையும் எண்ணையும் மாணவர்களுக்கும், வீடு கொடுக்கும் எங்களுக்கும் தெரிவியுங்கள். அருகிலுள்ள ஒரு மருத்துவமனையோடு முன்பண விஷயத்தைப் பேசி எழுத்தில் வாங்கி வையுங்கள். நாங்கள் கட்டிய பணத்தை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உங்களிடமிருந்து எனக்கு ஒரு பைசா வர வேண்டியதில்லை. அந்த ஆள் மட்டும் வந்தால் போதும்.

இப்படிக்கு,
திருவான்மியூர் வீட்டு உரிமையாளர்